தினம் ஒரு படி

விசாரணை முடிந்த மறுநாள் காலை, தராசுக்காரர் வீட்டு மாடிப்படியில் பதினெட்டாவதாக ஒரு படி இருந்தது. முந்தின நாள் வரை பதினேழுதான். மாடியில் குடியிருந்த தம்பி வெளியே கிளம்பி இறங்கியபோது, தரை வந்துவிட்டது என்று காலை நீட்டிய இடத்தில் இன்னும் ஒரு படி பள்ளம் இருந்ததால் குப்புற விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஏறி இறங்கிய படிக்கட்டு அது. கொத்தனாரை அழைத்துக் காட்டினார்கள். அவர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு படியாகத் தடவிப் பார்த்தார். எல்லாப் படியும் ஒரே வயசு, எது புதுசு என்று சொல்ல முடியாது, எல்லாவற்றிலும் விளிம்பு ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். அடுத்த நாள் பத்தொன்பது இருந்தது. வாரக் கடைசியில் இருபத்து நான்கு.

வீடு அவர்களுடைய அப்பா கட்டியது. கீழே அண்ணன், மேலே தம்பி. தெருவுக்கு ஒரே வாசல். உள்ளே நுழைந்தால் இரண்டு பேர் ஒட்டி நடக்கும் அகலத்தில் ஒரு நடை, இடது பக்கம் அண்ணன் வீட்டுக் கதவு, நேரே மாடிப்படி. அண்ணன் கடைத்தெருவில் தராசு பழுது பார்ப்பவர். காய்கறிக் கடைத் தராசிலிருந்து நகைக்கடைத் தராசு வரை அவர் கைபட்டால் முள் நடுவில் நின்றது நின்றதுதான். கொஞ்சம் நம்ம பக்கம் சாயிற மாதிரி வச்சுக் கொடுங்க என்று காதோரம் கேட்ட கடைக்காரர்களை, தராசைக் கையில் கொடுத்து வாசலைக் காட்டி அனுப்பியவர். விடியற்காலை எழுந்து குளித்து, வீட்டின் கடைசி அறையில் கடவுளுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நிற்பார். தம்பி வேறு மாதிரி. லிப்ட் மெக்கானிக். வேலையில் கெட்டிக்காரர், பேச ஆரம்பித்தால் சாவு வீட்டில்கூட நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இரண்டு பேரையும் தெருவுக்குப் பிடிக்கும், ஆனால் ஒருவரை மதித்தது, இன்னொருவரைத்தான் வீட்டுக்குக் கூப்பிட்டது.

ஒரு மரச்சாமான் கடையில் லிப்ட் ஒன்றரை மாடி உயரம் சரிந்து விழுந்து, உள்ளே இருந்த காவலாளியின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அதற்கு நான்கு நாள் முன்னால் அந்த லிப்டைப் பரிசோதித்ததாகப் பதிவேட்டில் தம்பியின் கையெழுத்து இருந்தது. உண்மையில் அவர் போகவில்லை. அன்று காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். மறுநாள் ஆபீசில் பதிவேட்டை வாங்கிக் கையெழுத்தை மட்டும் போட்டார். விசாரணை அதிகாரி அண்ணனையும் வரச் சொல்லி ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தச் செவ்வாய்க்கிழமை உங்கள் தம்பி வீட்டில் இருந்தாரா? இருந்தான் என்றார் தராசுக்காரர். அதோடு அவர் எழுந்து வந்திருக்கலாம். எழுதுகிறவர் அதை எழுதி முடிக்கும்வரை அறையில் யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தில் தராசுக்காரர் வாயைத் திறந்து, "இது முதல் தடவையும் இல்ல" என்றார். பழைய பதிவேடுகளைப் புரட்டினார்கள். அதற்கு முந்தின வருடத்தில் இன்னொரு நாள் அகப்பட்டது. ஆறு மாதத்தோடு போயிருக்க வேண்டிய உரிம ரத்து மூன்று வருடம் ஆனது, வேலையும் போனது.

அன்று சாயங்காலம் நடையில் இரண்டு பேரும் நேருக்கு நேர் வந்தார்கள். "கேட்டதுக்குப் பதில் சொன்ன, அது சரி. கேக்காததை ஏன் சொன்ன?" என்று தம்பி கேட்டார். "உண்மையைத்தானே சொன்னேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டார். அதுதான் கடைசிப் பேச்சு. மறுநாளிலிருந்து படி வளர ஆரம்பித்தது.

ஒரு நாளைக்கு ஒரு படி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, காலண்டரைப் பார்த்தாலே தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் வீடு பழைய உயரத்தில்தான் நின்றது. மாடி ஜன்னலில் தம்பி மனைவி துணி உதறுவது தெருவிலிருந்து நன்றாகத் தெரிந்தது, அவள் கொண்டை ஊசியின் நிறம்கூடத் தெரிந்தது. ஆனால் ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடை விட்டால் கயிறு போதவில்லை. இன்னொரு கயிறு முடிந்து விட்டார்கள், அதுவும் போதவில்லை. தீயணைப்புக்காரர்கள் வந்து ஏணி சாத்தினார்கள். ஏணியில் ஏறியவர் அன்றைய கணக்குப்படி நூற்று நாற்பது படி ஏறித்தான் ஜன்னலைத் தொட்டார், இறங்கி வந்து ஏணியை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். நகராட்சியிலிருந்து வந்த பொறியாளர் படிவத்தில் படிகளின் எண்ணிக்கை என்ற கட்டத்துக்கு எதிரே 'மாறுபடும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தபால்காரர் ஐம்பது படிக்கு மேல் ஏற மாட்டேன் என்று சொல்லி, ஐம்பதாவது படியில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்து அதில் தபாலைப் போட்டுவிட்டுப் போனார். ஊரில் உள்ளவர்களை எல்லாம் மேலே ஏற்றி இறக்கின மனுஷனுக்கு இப்படியா என்று ஆரம்பத்தில் சிலர் சிரித்தார்கள். இருநூறு தாண்டியதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

தம்பி ஒரு பட்டறையில் மின்விசிறியும் தண்ணீர் மோட்டாரும் பழுது பார்க்கப் போனார். வீட்டைக் காலி செய்துவிட்டு வேறு இடம் பாருங்கள் என்று பலர் சொன்னார்கள். அப்பா வீட்டை விட்டு நான் ஏன் போகணும், தப்பு செஞ்சவன் போகட்டும் என்பது அவர் பதில். கீழே இருந்த அண்ணனும் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளைத்தான் சொன்னார். இரண்டு பேரும் வீம்பில் ஒரே அச்சு. மனைவிமார் இருவருக்கும் மட்டும் எந்தச் சண்டையும் இல்லை. முதலில் மூத்தவள் தினமும் மேலே ஏறிப் போய்வந்தாள். முன்னூறு ஆனதும் இருவரும் பாதி வழியில் சந்திக்கத் தொடங்கினார்கள். ஒரு பாயை விரித்துப் படியில் உட்கார்ந்து காய் நறுக்குவார்கள், பழைய சேலைக்குக் கரை தைப்பார்கள். பாதிப் படி இரண்டு நாளைக்கு ஒரு முறை ஒரு படி மேலே போனதால், இரண்டு நாளைக்கு ஒரு முறை பாயை ஒரு படி மேலே நகர்த்திக்கொண்டார்கள். கேஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும் ஏற்றுவதற்குத் தெரு ஒரு வழி செய்தது. சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவர்கள், தெருக்கோடித் தையல் கூடத்துப் பெண்கள், ரொட்டிக் கடைக்காரர்கள் என்று யார் யாருக்கு முடியுமோ அவர்கள் படியில் இடம்விட்டு நின்று கைமாற்றிக் கைமாற்றிச் சாமான்களை மேலே அனுப்பினார்கள். யாரும் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை நாலு பேர் நின்றார்கள், அடுத்த சனிக்கிழமை நாற்பது பேர் நின்றார்கள். அவர்கள் எல்லோரும் தராசுக்காரரின் கதவைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. போகும்போது பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

தராசுக்காரர் அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார். படி நிற்க வேண்டும் என்று அவர் காலையில் வேண்டிக்கொள்ளும் நேரம் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி ஆனது, ஒன்றரை மணி ஆனது. ஒரு நாள் மனைவி அறை வாசலில் வந்து நின்றாள். "இவ்வளவு நேரம் மன்னிச்சிடு மன்னிச்சிடுன்னு சொல்றீங்களே, யாரை மன்னிக்கச் சொல்றீங்க? அவனையா, உங்களையா?" என்று கேட்டாள். "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றார் அவர். "அப்ப அவனை மன்னிக்கத்தானா தினம் ஒன்றரை மணி நேரம்?" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று போய்விட்டாள். அன்றும் ஒரு படி கூடியது.

படி நானூற்று நாற்பத்தேழாக இருந்த வாரத்தில், கல்யாணமாகி ஒன்பது வருடத்துக்குப் பிறகு தம்பி மனைவி முழுகாமல் இருப்பது தெரிந்தது. எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற நர்சம்மா ஒருவர் இருந்தார். முப்பது வருடம் பிரசவ வார்டில் வேலை பார்த்தவர், ஆம்பளைகளை எல்லாம் 'கொஞ்சம் தள்ளி நில்லுப்பா' என்ற ஒரே வாக்கியத்தில் அடக்கத் தெரிந்தவர். அவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூச்சிரைக்க மேலே ஏறிப் போய்ப் பார்த்தார். நாலாவது மாதம் கொஞ்சம் ரத்தம் பட்டது. இனி படியில் ஒரு அடி வைக்கக் கூடாது, ஒன்பதாவது மாதம் தொடங்கியதும் ஆள் வைத்துத் தூக்கிக் கீழே கொண்டுவந்து என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று நர்சம்மா சொன்னார். எதிர்வீடு எதற்கு, எங்க ரூம் காலியா இருக்கே என்றாள் மூத்தவள். அந்தக் கதவுக்குள்ள என் பொண்டாட்டி கால் வைக்க மாட்டா என்று தம்பி சொல்லிவிட்டார். மூத்தவள் அன்று பாதிப் படியில் பாயில் தனியாக உட்கார்ந்து அழுததைத் தபால்காரர் கீழேயிருந்து கேட்டார்.

எட்டாவது மாதம் ஒரு வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டே காலுக்கு நர்சம்மாவுக்கு போன் வந்தது. தம்பி மனைவியின் குரல் நிதானமாக இருந்தது. "அம்மா, வலி வந்திருச்சு. ரத்தமும் நிக்கல. நீங்க வர்றீங்களா?" என்றாள். அன்று படி அறுநூற்று முப்பத்தேழு. தம்பி அப்போது மேலேதான் இருந்தார், அவள் முகம் சரியில்லை என்று பட்டறைக்குப் போகாமல் நின்றுவிட்டிருந்தார். ஆஸ்பத்திரி வண்டி பத்து நிமிடத்தில் வந்தது. வந்தவர்கள் இரண்டே பேர். படியை அண்ணாந்து பார்த்த ஒருவர், இது எங்க ரெண்டு பேர் கையால ஆகாதும்மா என்று உண்மையைச் சொன்னார். பன்னிரண்டரைக்குத் தையல் கூடத்தில் சாப்பாட்டு மணி அடிக்கும். நர்சம்மா அதற்காகக் காத்திருக்கவில்லை. உள்ளே போய் மெஷின் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்தார். அறுபது பெண்களும் அப்படியே எழுந்து வந்தார்கள், சிலர் கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. ரொட்டிக் கடையிலிருந்து மாவுக் கையோடு வந்தார்கள். பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் வந்தார்கள், பேருந்துக்காக நின்றிருந்தவர்கள் என்ன ஏது என்று கேட்டுக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். ஏழு படிக்கு இரண்டு பேர் என்று நிற்க வைத்தார் நர்சம்மா. கைப்பிடியுள்ள நாற்காலியில் தம்பி மனைவியை உட்கார வைத்து, போர்வையால் கட்டி, கைமாற்றிக் கைமாற்றி இறக்குவது என்று முடிவானது. எத்தனையோ சனிக்கிழமை சிலிண்டரையும் அரிசியையும் ஏற்றிய கைகள் என்பதால் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மேலே ஏறப் போகும்போது நர்சம்மா தராசுக்காரரின் கதவை உள்ளங்கையால் தட்டினார். சாப்பிட வந்திருந்த அவர் எச்சில் கையோடு கதவைத் திறந்தார். "கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? கழுவிட்டு வந்து நில்லுங்க" என்று சொல்லிவிட்டு நர்சம்மா ஏறிப்போனார். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, எல்லோருக்கும் கடைசியாக, அடிப்படியில் ஆஸ்பத்திரி ஆளோடு ஜோடியாக நின்றார். அவருக்குப் பக்கத்தில், நடையில், ஒரு ஸ்டூலைப் போட்டு ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். கால் முறிந்த அந்தக் காவலாளிதான். இரண்டு தெரு தள்ளி வீடு. தூக்க முடியாது, தண்ணியாவது ஊத்திக் கொடுக்கிறேன் என்று ஒரு குடத்தோடு வந்திருந்தார்.

ஒரு மணிக்கு நாற்காலி மேலேயிருந்து கிளம்பியது. தம்பி நாற்காலிக்குப் பின்னாலேயே, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். நர்சம்மா அவருக்குப் பின்னால். முதல் நூறு படி நன்றாகப் போனது. இருநூறு படி போனது. ஒவ்வொரு ஜோடியும் வாங்கி, ஏழு படி இறங்கி, அடுத்த ஜோடியிடம் கொடுத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றார்கள். மேலிருந்து கீழாக 'வந்தாச்சு, கொடுத்தாச்சு' என்ற பேச்சும், கீழிருந்து மேலாக வேறு பேச்சும் வாய்மாறி வாய்மாறிப் போய்க்கொண்டிருந்தன. அப்படி மேலே போன பேச்சில் ஒன்று, கீழே அண்ணனும் வந்து நிற்கிறார் என்பது. யாரோ நல்லது என்று நினைத்துத்தான் அதைச் சொல்லி அனுப்பினார்கள்.

நாற்காலி அப்போது கீழிருந்து நானூற்றுப் பதினோராவது படியில் இருந்தது. தம்பி அதைக் கேட்டதும் நின்றார். "அவன் கை என் பொண்டாட்டி மேல படக்கூடாது. அவனைப் போகச் சொல்லுங்க. அவன் மூஞ்சியில முழிக்கிறதுக்கு நான் இங்கயே கெடக்கிறேன்" என்றார். பேச்சு கீழே இறங்க ஆரம்பித்தது. அந்தத் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இது: அந்தப் பேச்சை வாங்கிய ஒவ்வொருவரும் அதில் கொஞ்சத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மீதியைத்தான் அடுத்தவரிடம் கொடுத்தார். ஒரு தையல்காரி 'மூஞ்சி'யை எடுத்துவிட்டாள். ரொட்டிக்காரர் 'படக்கூடாது' என்பதை எடுத்துவிட்டார். இப்படியே இறங்கி இறங்கி, அடிப்படிக்கு வந்து சேர்ந்தபோது அது, "அண்ணனைக் கொஞ்சம் ஓரமா நிக்கச் சொன்னாரு, இடம் பத்தாதாம்" என்று ஆகியிருந்தது. தராசுக்காரர் ஓரமாக நகர்ந்து நின்றார். ஆனால் படிகளுக்கு முதலில் சொன்னதுதான் கேட்டிருந்தது.

நாற்காலியைப் பிடித்திருந்த ஜோடிக்கும், அதை வாங்கக் கை நீட்டிக்கொண்டிருந்த அடுத்த ஜோடிக்கும் நடுவே ஒரு படி கூடியது. பிறகு இன்னொன்று. கிட்டத்தட்ட இரண்டு வருடமாக விடியும்போது மட்டும், யார் கண்ணிலும் படாமல் வளர்ந்த படிக்கட்டு முதல் தடவையாகப் பட்டப்பகலில், இருநூறு பேர் பார்க்க வளர்ந்தது. சத்தமே இல்லை. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்ற இரண்டு பெண்கள் பத்துப் படி கீழே போனார்கள், இருபது படி கீழே போனார்கள், அங்கே நின்று நீட்டிய கையை மடக்காமல் மேலே பார்த்தார்கள். அவர்கள் ஏறி வரப் பார்த்தார்கள். ஏற ஏற முன்னால் படி முளைத்தது. மேலே இருந்தவர்கள் இறங்கப் பார்த்தார்கள். முப்பது படி இறங்கினார்கள், தூரம் குறையவில்லை. நாற்காலியின் முன்காலைப் பிடித்திருந்த ரொட்டிக்காரர் நாற்காலியைப் படியில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். போர்வையின் ஓரத்திலிருந்து சொட்டிய ரத்தம் இரண்டு படி தாண்டி மூன்றாவது படிக்கு வந்தது. நர்சம்மா அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தார். எண்ணினார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். முப்பது வருட வேலையில் இரண்டாவது தடவை எண்ணுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

நடுவில் படி முளைக்கிறது என்ற செய்தியை மட்டும் யாராலும் மெதுவாக்கி அனுப்ப முடியவில்லை. அது அப்படியே கீழே வந்தது. தராசுக்காரர் படியையே பார்த்துக்கொண்டு, "நான் உண்மையைத்தான் சொன்னேன்" என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. ஸ்டூலில் இருந்த காவலாளி குடத்தைக் கீழே வைத்தார்.

"உண்மைதான் சொன்னீங்க. அன்னைக்கு நானும் அந்த ரூம்லதான் கட்டுப் போட்ட காலோட உக்காந்திருந்தேன். முதல்ல சொன்னீங்களே, அது எனக்காகச் சொன்னது. கேட்டப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு. ரெண்டாவது சொன்னீங்க பாருங்க, அது எனக்காக இல்ல. அப்ப உங்க முகத்தை நான் பாத்தேன்."

தராசுக்காரர் பக்கத்தில் நின்ற ஆஸ்பத்திரி ஆளிடம், "மேல ஒரு வார்த்தை சொல்லி அனுப்பணும்" என்றார். காவலாளி தலையை ஆட்டினார். "சொல்லி அனுப்பாதீங்க. வழியில நல்லதாக்கிடுவாங்க. நீங்களே போங்க."

ஐம்பத்திரண்டு வயதில், இரண்டு வருடமாகக் கால் வைக்காத படியில் தராசுக்காரர் ஏறினார். ஓடவில்லை, ஓடினால் நெஞ்சு அடைக்கும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு பக்கமும் ஆட்கள் சுவரோடு ஒட்டி வழி விட்டார்கள். பாதி வழியில் சுருட்டி வைத்திருந்த பாயைத் தாண்டினார். அங்கே நின்றிருந்த அவர் மனைவி தன் தோளிலிருந்த துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். நானூறாவது படியைத் தாண்டியபோது அவருக்கு முன்னால் ஆளே இல்லாத படிகள் தொடங்கின. அதற்கு மேலே, எழுபது படி உயரத்தில், நாற்காலியும் அதன் பின்னால் தம்பியும் தெரிந்தார்கள். அவர் ஏறினார். எழுபது எழுபதாகவே இருந்தது. அப்போது அவர் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே, இருநூறு பேர் கேட்கும்படி கத்த வேண்டியிருந்தது. வாழ்க்கையில் அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"அவங்க ஒரு கேள்விதான் கேட்டாங்க. நான் ரெண்டு பதில் சொன்னேன். ரெண்டாவது பதில் உண்மைதான், ஆனா உண்மைக்காகச் சொல்லல. நீ கையெழுத்து மட்டும் போட்ட அந்த இன்னொரு நாள் எதுன்னு எனக்குத் தெரியும். அப்பா போன நாள். நீ வேலைக்குப் போகாம அவர் கையைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்த. எட்டு மாசம் அவரைக் குளிப்பாட்டினது நான், மலம் அள்ளினது நான். அவர் சிரிச்சது உன்னைப் பாத்துத்தான். கடைசி வரைக்கும் உன்னைப் பாத்துத்தான் சிரிச்சாரு. அதை மனசுல வச்சிக்கிட்டுத்தான் அன்னைக்கு அந்த நாளைக் காட்டிக் கொடுத்தேன்."

மேலே தம்பி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தெரியும்" என்றார். "நீ சொன்ன உடனே எந்த நாளைச் சொல்றன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு. வேலை போனதுக்கா நான் உன்கிட்ட பேசாம இருந்தேன்னு நினைக்கிற?" சொல்லிவிட்டுச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். கீழே அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவள் கண்ணைத் திறந்தாள். "ரெண்டு பேரும் அப்புறமா அழுங்க" என்றாள். "இப்ப தூக்குங்க."

தராசுக்காரர் அடுத்த படியில் காலை வைத்தார். அது வெறும் படியாக இருந்தது. அதற்கு அடுத்ததும் அப்படித்தான். முளைத்த எழுபத்திரண்டு படிகளில் ஒன்றும் மறையவில்லை, ஆனால் புதிதாக எதுவும் வரவில்லை. மேலேயிருந்து தம்பி ரொட்டிக்காரரோடு தூக்கிக்கொண்டு இறங்கினார், கீழேயிருந்து அண்ணன் ஏறினார். நடுவில் எங்கோ அண்ணன் துண்டை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு ரொட்டிக்காரரின் பக்கத்தை வாங்கினார். அந்த ஆளில்லாத படிகளில் சகோதரர்கள் இரண்டு பேரும்தான் அவளைச் சுமந்தார்கள். தம்பி மேல்பக்கம், அண்ணன் கீழ்ப்பக்கம், பின்னோக்கி அடி வைத்து. இருபது படி இறங்கியதும் தம்பி, "அந்தச் செவ்வாய்க்கிழமை நான் போயிருக்கணும்ணே. காய்ச்சல் அவ்வளவு ஒண்ணும் இல்ல" என்றார். "பேசாம வா. காலைப் பாத்து வை" என்றார் அண்ணன்.

கீழே காத்திருந்த இரண்டு பெண்களிடம் நாற்காலி வந்து சேர்ந்தது. அவர்கள் வாங்க வந்தபோது சகோதரர்கள் கொடுக்கவில்லை, கூடச் சேர்ந்து பிடித்துக்கொள்ளச் சொல்லி அவர்களும் இறங்கினார்கள். ஆனால் ஆஸ்பத்திரி வரை போக நேரம் இருக்கவில்லை. கீழிருந்து இருநூற்று ஆறாவது படியில் நர்சம்மா 'நிறுத்து' என்றார். தையல் கூடத்துப் பெண்கள் திரும்பி நின்று, தோளோடு தோள் ஒட்டி ஒரு மறைப்புக் கட்டினார்கள். அண்ணனும் தம்பியும் மறைப்புக்கு வெளியே ஒரே படியில் உட்கார வைக்கப்பட்டார்கள். வேண்டிக்கொள்ளலாமா என்று தராசுக்காரர் நினைத்தார். தினம் ஒன்றரை மணி நேரம் பேசியவருக்கு அப்போது ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை. தம்பியின் சட்டையில் முதுகுப் பக்கம் தையல் விட்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது குழந்தை அழுதது. பெண் குழந்தை. எலிக்குஞ்சு மாதிரி இருந்தது. அந்த அழுகை மேலே எழுநூற்று ஒன்பதாவது படிக்கும் கீழே நடைக்கும் ஒரே நேரத்தில் கேட்டது என்று அங்கிருந்த எல்லோரும் சொல்கிறார்கள்.

தாய்க்கு நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அவற்றில் ஒன்று தையல் கூடத்து மேற்பார்வைக்காரியுடையது. தாயும் குழந்தையும் பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார்கள். பிறப்பைப் பதிவு செய்யப் போனபோது, பிறந்த இடம் வீடா ஆஸ்பத்திரியா என்று பதிவாளர் கேட்டார். வாக்குவாதம் கொஞ்ச நேரம் நடந்தது. கடைசியில் அவர் 'படிக்கட்டு, 206' என்று எழுதி முத்திரை குத்தினார். தராசுக்காரர் விசாரணை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த இன்னொரு நாள் எங்கள் தகப்பனார் இறந்த நாள், அதை நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும் என்று. கோப்பு மூடப்பட்டுவிட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. தம்பியின் உரிமம் மூன்று வருடமும் முடிந்துதான் திரும்பக் கிடைத்தது. அதற்குள் அவர் ஒரு நாள் இரண்டு தெரு தள்ளிப் போய்க் காவலாளி வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. சாயங்காலம் போனவர் விளக்கு வைத்த பிறகுதான் வெளியே வந்தார் என்பது மட்டும் தெரியும்.

படி எழுநூற்று ஒன்பதில் நின்றது. அதற்குப் பிறகு கூடவில்லை. குறையும் என்று ஒரு வருடம் எதிர்பார்த்தார்கள், குறையவும் இல்லை. நகராட்சிப் பொறியாளர் வந்து தன் படிவத்தில் 'மாறுபடும்' என்பதை அடித்துவிட்டு எண்ணை எழுதிக்கொண்டு போனார். தம்பி குடும்பம் கீழே மாறிவிடலாமே என்று கேட்டவர்களுக்கு, பழகிடுச்சு என்று தம்பி மனைவி சொன்னாள். குழந்தை தவழ்ந்து, நின்று, படியிலேயே நடக்கப் பழகியது. அதற்குக் கீழ்வீடும் மேல்வீடும் ஒரே வீடு, நடுவில் கொஞ்சம் தூரம் அதிகம், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தராசுக்காரர் மேலே போவார். வழியில் நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். போய்ச் சேர்ந்ததும் நாற்காலியில் சாய்ந்துவிடுவார், தம்பி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். அண்ணனுக்கு மூச்சு சீராக வரும்வரை முதல் அரை மணி நேரம் இருவரும் எதுவும் பேசிக்கொள்ள முடியாது. அது இருவருக்கும் வசதியாகவே இருந்தது.